உமிழ்நீர் ரிப்போர்ட்டும் கழுத்துக் கட்டியும்: ஒரு தைராய்டு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் தமிழகத்தில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் தைராய்டு பிரிவில் நடந்தது இது. நோயாளியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்கள் எதையும் மாற்றவில்லை.

நோயாளி 38 வயதுப் பள்ளி ஆசிரியை. 14 வயதில் ஒரு மகள். சில வருடங்களுக்கு முன் அவருடைய அக்காவுக்கு வேறோர் ஊரில் தைராய்டை முழுதாக எடுத்திருந்தார்கள். "அக்காவுக்கு வந்தது கேன்சர்" என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என்ன வகை, எவ்வளவு பெரிது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தம்பி உயிரித் தொழில்நுட்பம் படித்து மருந்து நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறார். இந்தக் கதையில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அக்காள்கள் மேல் உயிரையே வைத்திருப்பவர், நிறைய வாசிப்பவர்.

மரபணு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற குடும்பங்கள் இப்போது கூடிக்கொண்டே போகின்றன. அந்தக் காகிதத்தில் இருப்பது பொய்யல்ல. அதன் பின்னால் நல்ல அறிவியலே இருக்கிறது. ஆனால் அதை வைத்துக் கழுத்தில் கத்தி வைக்கலாமா என்பது வேறு கேள்வி. இந்தக் குடும்பத்தோடு அந்தக் கேள்வியைக் கடந்து வந்த விதம் மற்றவர்களுக்கும் பயன்படும் என்றே விரிவாக எழுதுகிறேன்.

முதல் வருகையில் பார்த்தவை

கண்ணாடி பார்த்துத் தாலிச் சங்கிலியைச் சரி செய்யும்போது கழுத்தின் இடப்பக்கம் ஏதோ உருளுவதைக் கவனித்திருக்கிறார். வலி இல்லை, குரல் மாறவில்லை, விழுங்குவதில் சிரமம் இல்லை. சிறு வயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு எதுவும் கொடுக்கப்படவில்லை. தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான டி.எஸ்.எச். 2.1. இது இயல்பான அளவு.

ஸ்கேனில் தைராய்டின் இடது மடலில் (இடப்பக்கப் பாதியில்) 15 மில்லிமீட்டர் கட்டி. கெட்டியானது, சுற்றியுள்ள திசுவைவிடச் சற்றுக் கருமையாகத் தெரிந்தது. ஓரம் ஒழுங்காக இருந்தது, சுண்ணாம்புப் புள்ளிகள் இல்லை. வலது மடல் சுத்தம். கழுத்து நெறிக்கட்டிகளில் சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை. இந்த அளவுக்கும் தோற்றத்துக்கும் ஊசிப் பரிசோதனை செய்வதுதான் முறை, செய்தோம். ஊசியில் எடுத்த செல்களைப் பிரித்துச் சொல்லும் பெதஸ்தா வகைப்பாட்டில் 3ஆம் பிரிவு, அதாவது பெதஸ்தா 3 என்று முடிவு வந்தது. செல்கள் முற்றிலும் இயல்பாகவும் இல்லை, புற்று என்று சொல்லும்படியும் இல்லை என்று அர்த்தம். இந்தப் பிரிவில் வரும் கட்டிகளில் சராசரியாக 22 சதவீதம் கடைசியில் புற்றாக முடிகின்றன என்கிறது அந்த வகைப்பாட்டின் 2023 பதிப்பு.

தைராய்டு பிரிவில் எங்களுக்கு மிகவும் சங்கடமான பதில் இதுதான். பயப்பட வேண்டாம் என்று அனுப்பிவிட முடியாது, உடனே அறுத்துவிடலாம் என்றும் சொல்ல முடியாது. மூன்று மாதம் கழித்து ஊசியை மறுபடி போடலாம் என்று சொல்லி அனுப்பினோம்.

கையில் வந்த மரபணு ரிப்போர்ட்

மூன்று மாதம் ஆகும் முன்னரே தம்பியோடு வந்தார்கள். தனியார் மரபணு சோதனை நிறுவனம் ஒன்றுக்கு உமிழ்நீர் அனுப்பி வாங்கிய ரிப்போர்ட் அவர் கையில் இருந்தது. பல பக்கங்களில் ஒன்றில் மட்டும் சிவப்பு நிறத்தில் "உயர் அபாயம்: தைராய்டு புற்று" என்றிருந்தது. கீழே டி.என்.ஏ.வில் ஆர்.எஸ். 944289 என்ற இடத்தில் 'டி.டி.' (இரண்டு பிரதியிலும் 'டி' எழுத்து) என்றும், அபாயம் சுமார் 1.9 மடங்கு என்றும், தொடர்புடைய ஜீன் பி.டி.சி.எஸ்.சி. 3 என்றும் போட்டிருந்தார்கள்.

தம்பி அதோடு நிற்கவில்லை. பி.டி.சி.எஸ்.சி. 3 என்பது ஒரு லாங் நான்கோடிங் ஆர்.என்.ஏ. என்பதையும், அது தைராய்டு புற்றைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தது என்பதையும் தேடிப் படித்திருந்தார். அவருடைய வாதம் இப்படி: "அக்காவுக்கு அந்த ஆர்.என்.ஏ. குறைவு டாக்டர். பெரியக்காவுக்கும் அதனாலதான் வந்திருக்கு. அரைகுறையா விடாம முழுத் தைராய்டையும் எடுத்துடுங்க. பாப்பாவுக்கும் இதே டெஸ்ட் எடுத்துடலாம்." ஆசிரியை எதுவும் பேசவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

ரிப்போர்ட்டைத் தள்ளிவைத்துவிட்டு "இதெல்லாம் வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அப்படிச் செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்தோம். படித்துவிட்டு வந்தவரிடம் படித்ததை வைத்துத்தான் பேச வேண்டும். அடுத்த வாரம் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கி அவர்களை வரச் சொன்னோம். அந்த அமர்வில் பேசியதைத்தான் அடுத்த பகுதியில் தருகிறேன்.

ரிப்போர்ட்டின் பின்னால் இருக்கும் ஆய்வு

நம் டி.என்.ஏ.வில் புரதம் செய்யும் ஜீன்கள் இருக்கும் பகுதி மிகச் சிறியது. மீதியிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ. நகலாகிறது. அவற்றில் 200 எழுத்துக்கு மேல் நீண்டு, புரதமாக மாறாமல் ஆர்.என்.ஏ.வாகவே வேலை பார்ப்பவற்றைத்தான் லாங் நான்கோடிங் ஆர்.என்.ஏ. என்கிறோம். சில, பக்கத்து ஜீனை இயக்குகின்றன அல்லது அடக்குகின்றன. சில, புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பல என்ன செய்கின்றன என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது.

தைராய்டில் இந்தக் கதை ஐஸ்லாந்தில் தொடங்குகிறது. 2009இல் அங்கே 192 தைராய்டு புற்று நோயாளிகளின் மரபணுக்களை 37,196 பேரின் மரபணுக்களோடு ஒப்பிட்டார்கள். இரண்டு இடங்கள் தனித்துத் தெரிந்தன. ஒன்று 9ஆம் குரோமோசோமில், மற்றது 14ஆம் குரோமோசோமில். இரண்டாவதுதான் ஆர்.எஸ். 944289. அந்த இடத்தில் 'டி' எழுத்து இருந்தால், ஒரு பிரதிக்கு 1.37 மடங்கு என்ற கணக்கில் வாய்ப்புக் கூடுகிறது. சிக்கல் என்னவென்றால் அந்த இடத்தில் புரதம் செய்யும் ஜீன் எதுவும் இல்லை.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் டி லா ஷாப்பெல் தலைமையிலான குழு அந்த வெற்றிடத்தைக் குடைந்தது. 3.2 கிலோபேஸ் (3,200 எழுத்து) தள்ளி ஒரு லாங் நான்கோடிங் ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் பி.டி.சி.எஸ்.சி. 3. 2012இல் வெளியான அந்த ஆய்வில், அது தைராய்டில் மட்டுமே உருவாவதைக் காட்டினார்கள். 46 நோயாளிகளின் பாப்பிலரி வகைப் (தைராய்டு புற்றில் அதிகம் காணப்படும் வகை) புற்றுத் திசுவில் அது வெகுவாகக் குறைந்திருந்தது. புற்றுச் செல்களுக்கு அதைத் திரும்பக் கொடுத்தபோது வளர்ச்சி மட்டுப்பட்டது. 'டி' எழுத்து இருந்தால், அந்த ஆர்.என்.ஏ.வைத் தூண்டிவிடும் புரதங்களின் செயல் குறைகிறது. அழகான ஆய்வு. வெறும் புள்ளிவிவரமாக இருந்த ஒன்றுக்குக் காரணம் தேடிக் கண்டுபிடித்த ஆய்வு என்பதால் எனக்கு அதன் மேல் தனி மதிப்பு உண்டு. தம்பியிடம் அதை முதலில் சொன்னேன்.

அப்புறம் அவர் கவனிக்காமல் விட்ட ஒரு வரியைக் காட்டினேன். அதே 46 பேரில் புற்று இல்லாத பக்கத்துத் திசுவையும் அளந்திருக்கிறார்கள். அங்கே 'டி.டி.' உள்ளவர்களுக்கு பி.டி.சி.எஸ்.சி. 3 குறைவாக இல்லை, 'சி.டி.' உள்ளவர்களைவிட அதிகமாகவே இருந்தது. அதாவது 'டி.டி.' என்றால் நல்ல தைராய்டிலும் அந்த ஆர்.என்.ஏ. குறைவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. குறைவது புற்று வந்த திசுவில். உமிழ்நீரில் பார்த்தது டி.என்.ஏ.வின் ஓர் எழுத்தை மட்டும். தைராய்டில் ஆர்.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது என்று அந்தச் சோதனை அளக்கவே இல்லை. தம்பி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். "நான் அப்ஸ்ட்ராக்ட்ல முதல் பாதியோட நின்னுட்டேன் டாக்டர்" என்றார்.

அடுத்து 1.9 மடங்கு. இதை ஆசிரியையிடம் காகிதத்தில் எழுதியே காட்டினேன், கணக்கு அவருக்குப் பழக்கம். ஐரோப்பியர்களில் 'டி' எழுத்து பாதிக்கும் மேல் பரவியிருக்கிறது. 100 பேரை எடுத்தால் ஏறக்குறைய 33 பேர் 'டி.டி.', 49 பேர் 'சி.டி.', 18 பேர் 'சி.சி.'. 'சி.சி.'யின் வாய்ப்பை 1 என்று வைத்தால் 'சி.டி.'க்கு 1.37, 'டி.டி.'க்கு 1.88. ரிப்போர்ட்டில் இருக்கும் 1.9 இதுதான். ஆனால் எல்லோரும் 'சி.சி.' இல்லையே. 100 பேரின் சராசரியை எடுத்தால் 1.47 வருகிறது. அந்தச் சராசரி ஆளோடு ஒப்பிட்டால் 'டி.டி.'யின் வாய்ப்பு 1.28 மடங்கு. சிவப்பில் எழுதியது ஊரில் மூன்றில் ஒருவருக்கு இருக்கக்கூடியது, அதுவும் கால்வாசிக்குச் சற்று மேல் கூடுதல் வாய்ப்பு. அந்தக் கணக்கும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போட்டது. நம் ஊர் விகிதம் வேறாக இருக்கலாம்.

ஆசிரியை முதன்முறையாகப் பேசினார். "அப்போ எங்க ஸ்டாஃப் ரூம்லயே ஏழெட்டுப் பேருக்கு இருக்கும்."

தம்பி இன்னொரு கேள்வி கேட்டார், நியாயமான கேள்வி. உமிழ்நீர் வேண்டாம், ஊசியில் எடுத்த செல்லிலேயே பி.டி.சி.எஸ்.சி. 3ஐ அளந்தால் புற்றா இல்லையா என்று தெரியாதா? அந்த ஆய்வு ஒப்பிட்டது புற்றுத் திசுவையும் அதே தைராய்டின் நல்ல திசுவையும். எங்களுக்கு வேண்டியது வேறு: இந்தக் கட்டி சாதுவானதா, புற்றா? சாதுவான கட்டியிலும் அந்த ஆர்.என்.ஏ. குறையலாம் என்றால் அளந்து பயன் இல்லை. பாங்கர் என்ற இன்னொரு லாங் நான்கோடிங் ஆர்.என்.ஏ.வையே எடுத்துக்கொள்ளலாம். தைராய்டு புற்றில் அது கூடியிருக்கிறது என்று ஓர் ஆய்வு சொன்னால், குறைந்திருக்கிறது என்று மற்றொன்று சொல்கிறது. நூற்றுக்கணக்கான ஜீன்களின் ஆர்.என்.ஏ.வைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லும் சோதனைகள் அமெரிக்காவில் நடைமுறையில் இருக்கின்றன. அவை பெதஸ்தா 3, 4 கட்டிகளிலேயே சோதித்துத் தேறியவை. ஆனால் அங்கே அனுப்பிச் செய்வதற்கு ஆகும் செலவு இந்தக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது.

அக்காவின் பழைய ஸ்லைடு

அந்த ஒரு மணி நேரத்தில் நடந்த முக்கியமான காரியம் மரபணுவைப் பற்றியதே அல்ல. தாய், தந்தை, உடன்பிறந்தார், பிள்ளைகளில் ஒருவருக்குத் தைராய்டு புற்று இருந்தால் மற்றவர்களுக்கு வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. 1.28 மடங்கைவிட இது கனமான தகவல். குடும்பத்தில் புற்று இருந்தால் இப்படிப்பட்ட கட்டிக்கு முழுத் தைராய்டையும் எடுப்பது பற்றி யோசிக்கலாம் என்று 2015ஆம் ஆண்டு அமெரிக்க தைராய்டு சங்க வழிகாட்டியே சொல்கிறது. எங்கள் அறுவை மருத்துவரும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தார். எனவே அக்காவுக்கு உண்மையில் என்ன வந்தது என்று தெரிந்தாக வேண்டும்.

அக்காவே ஊருக்குப் போய், அறுவை நடந்த இடத்திலிருந்து பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டையும் ஸ்லைடுகளையும் வாங்கி வந்தார். எங்கள் நோயியல் மருத்துவர் பார்த்தார். அக்காவுக்குத் தைராய்டை எடுத்தது மூச்சுக்குழாயை அழுத்தும் பெரிய சாது வீக்கத்துக்காக. அதற்குள் தற்செயலாக 3 மில்லிமீட்டர் பாப்பிலரி புற்று ஒன்று கிடைத்திருக்கிறது. இந்த அளவு புற்று எவ்வளவு சாதாரணம் என்பதற்கு 1985இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வு ஒன்று போதும். அடுத்தடுத்து வந்த 101 பிரேதப் பரிசோதனைகளில் தைராய்டைப் பொடிப்பொடியாக அறுத்துப் பார்த்தபோது 36 பேரிடம் இத்தகைய சிறு புற்று இருந்தது. இருந்ததே தெரியாமல் வேறு காரணங்களால் இறந்தவர்கள் அவர்கள்.

குடும்பத்தில் புற்று என்பதன் எடை இதனால் வெகுவாகக் குறைந்தது. அறுவை மருத்துவரும் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது ஊசியும் அறுவை முடிவும்

மறு ஊசியிலும் பெதஸ்தா 3. கூடவே செல்லின் உட்கருவில் மாற்றம் தெரிவதாக நோயியல் மருத்துவர் குறிப்பிட்டிருந்தார். மீதிச் செல்களில், தைராய்டு புற்றில் அடிக்கடி மாறியிருக்கும் பிராஃப் என்ற ஜீனில் மாற்றம் தேடினோம், இல்லை. இருந்திருந்தால் புற்று என்று ஏறக்குறைய உறுதியாகியிருக்கும். இல்லாததால் புற்று இல்லை என்று ஆகிவிடாது.

மூன்று வழிகள் இருந்தன: ஆறு மாதம் காத்திருந்து ஸ்கேன் செய்வது, இடது மடலை மட்டும் எடுப்பது, முழுதும் எடுப்பது. இரண்டு முறை தெளிவில்லாத பதில் வந்த பின் காத்திருக்க ஆசிரியைக்கு மனமில்லை. முழுதும் எடுத்தால் வாழ்நாள் முழுக்க தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரை உறுதி. இரண்டு பக்கமும் குரல் நரம்பு, இரண்டு பக்கமும் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகள், எல்லாமே ஆபத்துக்குள் வருகின்றன. நாளுக்கு ஆறு பீரியடு பேசிப் பிழைப்பவருக்குக் குரல் சின்ன விஷயம் இல்லை. ஒரு மடலை எடுத்தால் மறுபக்கம் தொடப்படுவதில்லை. 4 சென்டிமீட்டருக்குள் இருக்கும், பரவாத புற்றுக்கு ஒரு மடல் அறுவையே போதும் என்பதால், நாளை பயாப்ஸியில் புற்று என்று வந்தாலும் இதே அறுவை சிகிச்சையாகவும் அமையக்கூடும்.

இடது மடலை மட்டும் எடுப்பது என்று ஆசிரியையே முடிவு சொன்னார். மரபணு ரிப்போர்ட் அந்த முடிவில் எந்தப் பக்கமும் சேர்க்கப்படவில்லை என்று கேஸ் ஷீட்டில் தனியாக எழுதி வைத்தோம்.

அறுவையும் பயாப்ஸியும்

அறுவை சிக்கலின்றி முடிந்தது. மறுநாள் காலை ரவுண்ட்ஸில், அடுத்த கட்டில் அம்மாவிடம் அவர் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

பயாப்ஸி முடிவு: 13 மில்லிமீட்டர் பாப்பிலரி புற்று. தைராய்டுக்கு வெளியே போகவில்லை, ரத்தக் குழாயில் நுழையவில்லை, ஓரம் சுத்தம். குறைந்த அபாயப் பிரிவு. மேற்கொண்டு அறுவையோ ரேடியோ அயோடின் (கதிரியக்க அயோடின்) சிகிச்சையோ தேவையில்லை.

தம்பியின் முதல் வார்த்தை, "பார்த்தீங்களா டாக்டர், ரிப்போர்ட் சொன்னது சரிதானே?" இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தோம். ரிப்போர்ட் சொல்லாமலே பெதஸ்தா 3 ஏற்கெனவே ஐந்தில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு என்று சொல்லியிருந்தது. அதே 'டி.டி.'யோடு அதே ஸ்டாஃப் ரூமில் இருக்கும் மற்றவர்களுக்கு இதனால் நாளை புற்று வரப்போவதில்லை. ஒருவருக்கு வந்துவிட்டதால் அந்தச் சோதனை ஆளைச் சரியாகச் சுட்டியது என்று ஆகாது. இதைச் சொன்னேன். தம்பி உடனே ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். மறுபக்க மடலையும் எடுத்துவிடுவது பற்றி இன்னும் இரண்டு முறை போனில் கேட்டார். ஒவ்வொரு முறையும் பயாப்ஸியில் இருந்த விவரங்களையே திரும்பச் சொன்னோம்.

ஆய்வுக்கூடத்துக்குப் போன துண்டு

அறுவைக்கு முன் தனிப் படிவத்தில் சம்மதம் வாங்கி, எடுத்த மடலிலிருந்து இரண்டு சிறு துண்டுகளை எங்கள் ஆராய்ச்சிக் குழுவுக்குக் கொடுத்தோம். ஒன்று கட்டியிலிருந்து, மற்றது தள்ளியிருந்த நல்ல திசுவிலிருந்து. ஆர்.என்.ஏ. வெகு சீக்கிரம் சிதைந்துவிடும். கையில், காற்றில், தூசியில் எங்கும் அதைத் தின்னும் நொதிகள் உண்டு. அதனால் நோயியல் மருத்துவர் தியேட்டர் வாசலிலேயே புதுக் கையுறையோடு நின்று, மடல் வந்ததும் மை தடவி ஓரங்களைக் குறித்து, நோயறிதலுக்குத் தேவையான பகுதி கெடாதபடி பட்டாணி அளவில் வெட்டி, பாதுகாப்புத் திரவம் இருந்த குப்பியில் போட்டார்.

பல வாரம் கழித்து வந்த அளவில் பி.டி.சி.எஸ்.சி. 3 கட்டியில் நல்ல திசுவைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. ஒஹையோ குழு பார்த்த திசையிலேயே இருக்கிறது. இதை மறைக்க வேண்டியதில்லை என்று தம்பியிடமும் சொன்னோம், அது சிகிச்சையில் எதையும் மாற்றாது என்பதையும் சேர்த்து. புற்றுச் செல் தைராய்டுக்கே உரிய குணங்களை இழக்கும்போது தைராய்டில் மட்டும் உருவாகும் ஓர் ஆர்.என்.ஏ.வும் கூடவே குறைவது வியப்பில்லை. அது காரணமா விளைவா என்று ஒரு நோயாளியின் இரண்டு துண்டுகள் சொல்லிவிடாது.

மகள் பற்றிய கேள்வி

குடும்பத்துக்குள் பெரிய விவாதம் இதில்தான். 14 வயதுப் பெண்ணுக்கு மரபணு சோதனை வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னோம். முடிவு எப்படி வந்தாலும் அவளுக்குச் செய்யப்போவது ஒன்றும் மாறாது. ஆனால் "எனக்கும் இருக்கிறது" என்ற பயம் மட்டும் பிளஸ் டூ வரை, கல்யாணம் வரை கூடவே வரும். இப்போதைக்கு வருடம் ஒருமுறை கழுத்தைத் தொட்டுப் பார்த்தால் போதும் என்றோம்.

ஸ்கேனாவது எடுக்கலாமே என்று கணவர் கேட்டார். தென்கொரியாவில் நடந்ததைச் சொன்னேன். 1990களின் கடைசியில் அங்கே அரசின் புற்றுப் பரிசோதனைத் திட்டத்தோடு தைராய்டு ஸ்கேனும் மலிவாகக் கிடைத்தது. 2011இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்று 1993ஐப் போல 15 மடங்கு. இறப்பு விகிதம் மட்டும் அசையவில்லை. தேடினால் கிடைக்கும், கிடைத்தால் அறுப்பார்கள். நல்ல பெண்ணை ஏன் அந்த வரிசையில் நிறுத்த வேண்டும்? கழுத்தில் ஏதாவது தட்டுப்பட்டால் அன்றே ஸ்கேன் என்று ஒப்புக்கொண்டு அதோடு விட்டார்கள்.

அதன் பிறகு

இரண்டு வருடம் ஆகிறது. வலது மடல் சுத்தமாக இருக்கிறது, நெறிக்கட்டி இல்லை. ஒரே மடல் வேலை செய்வதால் டி.எஸ்.எச். கொஞ்சம் கூடியது, சிறிய அளவில் தைராக்சின் கொடுத்து 2க்குள் வைத்திருக்கிறோம். தைராய்டு திசு உண்டாக்கும் புரதமான தைரோகுளோபுலின் அளவை, ஒரு மடல் மீதமிருப்பதால், ஸ்கேனுக்குத் துணையாக மட்டும் பார்க்கிறோம்.

நடைமுறையில் மாற்றியவை

குடும்பத்தில் தைராய்டு புற்று என்று யார் சொன்னாலும், இப்போது முதல் வருகையிலேயே பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கொண்டுவரச் சொல்கிறோம். இந்த நிகழ்வில் முடிவைத் திருப்பியது 3 மில்லிமீட்டர் என்ற அந்த ஒற்றைத் தகவல். அது முதல் வாரமே கையில் இருந்திருந்தால் குடும்பம் அத்தனை நாள் தவித்திருக்காது.

பெதஸ்தா 3 வந்தவரை மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று வெறுமனே அனுப்புவதையும் நிறுத்திவிட்டோம். அந்த மூன்று மாதம்தான் உமிழ்நீர்க் குப்பி வீட்டுக்கு வரும் காலம். இப்போது ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு கொடுத்தனுப்புகிறோம். பெதஸ்தா 3 என்றால் என்ன, எந்தச் சோதனை முடிவை மாற்றும், எது மாற்றாது என்பவை அதில் இருக்கும். மரபணு ரிப்போர்ட்டோடு வருபவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்குகிறோம். அந்த அமர்வில் மடங்குக் கணக்கைக் காகிதத்தில் போட்டே காட்டுகிறோம், 1.9 எப்படி 1.28 ஆகிறது என்பது உட்பட. ஆராய்ச்சிக்குத் திசு கொடுப்பவர்களின் சம்மதப் படிவத்தில் "இதன் முடிவு உங்கள் சிகிச்சையை மாற்றாது" என்ற வரியை மேலே கொண்டுவந்து பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். அந்த வரியை எங்கே, எப்படிப் போட வேண்டும் என்று சொன்னது தம்பிதான்.